கணினிப் பயிற்றுநருக்கு எந்தச் சான்றிதழ் வேண்டும்? பழையது இனிச் செல்லாதா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு தனியார் மையத்தில் 11 ஆண்டுகளாக எம்எஸ் ஆபிஸ், டேலி, தமிழ்த் தட்டச்சு சொல்லிக்கொடுக்கிறீர்கள். பி.காம். பட்டம், ஒரு அறக்கட்டளை கொடுத்த பிஜிடிசிஏ (கணினிப் பயன்பாட்டு முதுநிலை டிப்ளமோ), அதே அறக்கட்டளையின் ‘கணினி ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ’, அரசின் அலுவலகக் கணினித் தேர்வான சிஓஏவில் தேர்ச்சி ஆகியவை கையில் இருக்கின்றன. ஏற்காட்டில் தொடங்கவிருக்கும் அரசுத் திட்ட வகுப்புக்குப் போனபோது “டிஓடி இருக்கா?” என்று பயிற்றுநருக்கான பயிற்சிச் சான்றிதழைக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி எல்லாருக்கும் அது கட்டாயம் என்று ஒருவர் சொல்ல, 18,000 ரூபாய் கொடுத்தால் பதினைந்தே நாளில் வாங்கித் தருகிறேன் என்று இன்னொருவர் வந்து நிற்கிறார். எந்தச் சான்றிதழ் எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கடியில் இருக்கும் கேள்வி, விதி மாறியதால் இதுவரை சேர்த்ததெல்லாம் வீணா என்பது. வீணாகவில்லை. எது எங்கே செல்லும் என்பதுதான் மாறியிருக்கிறது. அந்த 18,000 ரூபாயை மட்டும் இப்போதைக்கு யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

வக்கீலுக்குப் பார் கவுன்சில் பதிவு இருப்பதுபோல, கணினி கற்பிக்க ஒரே உரிமம் என்று நம் நாட்டில் எதுவும் கிடையாது. வகுப்பு முடிந்ததும் மாணவர் கையில் யாருடைய சான்றிதழ் வரப்போகிறதோ, அவர்கள்தான் ஆசிரியருக்கு என்ன தகுதி வேண்டும் என்று சொல்கிறார்கள். ஆகவே மாணவரின் சான்றிதழிலிருந்து பின்னோக்கிப் பார்க்க வேண்டும். உங்கள் மையம் தன் பெயரில் சான்றிதழ் கொடுத்தால், உங்கள் தகுதியை முடிவு செய்பவர் மைய உரிமையாளர். டிஓடி இல்லை என்று யாரும் வந்து வகுப்பை மூட முடியாது. ஐடிஐ என்றால் மத்திய அரசின் பயிற்சித் தலைமை இயக்குநரகம், அதாவது டிஜிடி. பிரதமர் கௌசல் விகாஸ் யோஜனா போன்ற குறுகிய காலத் திட்டம் என்றால், அந்தப் பணிப் பெயருக்கு (எந்த வேலைக்கான பயிற்சியோ அதற்கு) சான்றிதழ் வழங்கும் அமைப்பு. அரசு மேல்நிலைப் பள்ளி என்றால் ஆசிரியர் தேர்வு வாரியம். இவை ஒவ்வொன்றும் தனித்தனித் தெரு. ஒன்றின் சாவி இன்னொன்றின் பூட்டைத் திறக்காது. “எல்லாருக்கும் கட்டாயம்” என்று உங்களிடம் சொன்னவர் ஒரு தெருவின் விதியை ஊர் முழுக்க நீட்டிச் சொல்லிவிட்டார்.

உங்களைத் திருப்பி அனுப்பிய தெருவை முதலில் பார்ப்போம், சிக்கல் அங்கேதான். டிஓடி என்பது பயிற்றுநருக்கான பயிற்சி. அதில் இரண்டு பாதிகள் உண்டு. ஒன்று துறை அறிவு: நீங்கள் நடத்தப்போகும் பணிப் பெயரிலேயே நீங்களும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். அலுவலகக் கணினி வகுப்புகளில் அதிகம் வருவது ‘டொமெஸ்டிக் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்’. தகவல் தொழில்நுட்பத் திறன் குழுவின் அந்தப் பணிக்குக் குறியீடு எஸ்எஸ்சி/கியூ2212. இன்னொன்று கற்பிக்கும் திறன். அது ‘டிரெய்னர்’ என்ற தனிப் பணிப் பெயர், குறியீடு எம்இபி/கியூ2601, மேலாண்மை, தொழில்முனைவுத் திறன்களுக்கான குழு அதை உருவாக்கியது. மாணவர்களை மதிப்பிடும் வேலைக்கு எம்இபி/கியூ2701 என்று வேறொன்று உண்டு. அது உங்களுக்குத் தேவையில்லை, நடத்தியவரே தன் மாணவரை மதிப்பிட இந்த முறையில் அனுமதியும் இல்லை. இரண்டு பாதியிலும் தேர்ந்தால்தான் டிஓடி முழுமையாகும். மாணவர் 50, 60 சதவீதத்தில் தேறிவிடலாம். பயிற்றுநருக்குப் பெரும்பாலான பாடத்திட்டங்கள் 80 சதவீதம் கேட்கின்றன. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள்கூட முதல் முறை தவறுவது இந்த 80 என்ற கோட்டில்தான்.

இந்த ஏற்பாடு ஏன் இவ்வளவு அடிக்கடி மாறுகிறது என்று அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு 2013 டிசம்பரில் பத்து நிலைகளோடு அறிவிக்கப்பட்டது. திறன் கல்வியை ஒழுங்குபடுத்த என்சிவிஇடி என்ற தேசியக் குழுவை 2018 டிசம்பரில் அறிவித்தார்கள். அது 2020 ஆகஸ்டில் செயல்படத் தொடங்கியது. அதன்பின் சான்றிதழ் வழங்கும் அமைப்பும் மதிப்பீட்டு நிறுவனமும் அதனிடம் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும் என்றானது. 2023-ல் கட்டமைப்பையே திருத்தி, பத்து நிலைகளை எட்டாக்கி, இடையில் 2.5, 3.5, 4.5 என்று அரை நிலைகளையும் சேர்த்தார்கள். பழைய சான்றிதழில் ‘நிலை 5’ என்று இருப்பதும் புதியதில் ‘நிலை 5’ என்று இருப்பதும் ஒன்றாகாது. அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்கில் இந்தியா டிஜிட்டல் ஹப் என்ற தளம் வந்தது. முன்பு வேறு தளங்களில் இருந்த பயிற்றுநர் பதிவுகள் இங்கே வரவேண்டியதாயிற்று. 2018-ல் டிஓடி முடித்த ஒருவரை “உங்க சர்டிஃபிகேட் செல்லாது” என்று இன்று திருப்பி அனுப்பினால், அவர் படித்தது பொய் என்று பொருளாகாது. அவர் தேறிய பதிப்பு காலாவதியாகியிருக்கலாம், அல்லது அவர் பதிவு புதிய தளத்தில் இணைக்கப்படாமல் இருக்கலாம். முதலாவதுக்கு மறுதேர்வு வேண்டும். இரண்டாவதுக்குப் பதிவைச் சரிசெய்தால் போதும். எது என்று கேட்காமலேயே மறுபடி பணம் கட்டுபவர்கள் ஏராளம்.

ஆகவே முதல் வேலை, ஏற்காட்டு வகுப்பை நடத்தும் நிறுவனத்திடம் மூன்று விவரங்களை எழுத்தில் வாங்குவது: பணிப் பெயரின் குறியீடு, பதிப்பு எண், சான்றிதழ் வழங்கும் அமைப்பின் பெயர். “கம்ப்யூட்டர் கோர்ஸ்தான் சார்” என்ற பதில் போதாது. அந்தக் குறியீட்டைத் தேசியத் தகுதிப் பதிவேட்டின் இணையதளத்தில் தேடுங்கள். அந்தத் தகுதி இன்னும் நடப்பில் இருக்கிறதா, எந்தத் தேதிவரை, எந்த அமைப்புக்குச் சொந்தம் என்பது தெரியும். கூடவே பாடத்திட்டக் கோப்பு இருக்கும்; அதன் இறுதிப் பக்கங்களில் பயிற்றுநருக்கான தகுதி ஒரு அட்டவணையாக இருக்கும். குறைந்தபட்சக் கல்வி, எந்தப் பாடத்தில், எத்தனை ஆண்டு துறை அனுபவம், எத்தனை ஆண்டு பயிற்சி அனுபவம், எந்தச் சான்றிதழ் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருப்பார்கள். அச்சடித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே உங்களிடம் இருப்பதை எழுதிப் பாருங்கள். பி.காம். அங்கே ஏற்கப்படுகிறதா, அல்லது கணினி சார்ந்த பட்டம்தான் வேண்டுமா என்பது இந்த அட்டவணையில் முடிவாகும், என் பேச்சிலோ முகவரின் பேச்சிலோ அல்ல. சில பணிகளுக்கு எந்தப் பட்டமும் போதும், சிலவற்றுக்குப் போதாது. பட்டம் பொருந்தாவிட்டால் டிஓடி தேர்வுக்கே சேர்க்க மாட்டார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் கட்டிய பணம் திரும்புவது கஷ்டம்.

தேர்வில் என்ன நடக்கும் என்பதற்கு வருவோம். துறைப் பகுதியில் எழுத்துத் தேர்வு, செய்முறை, நேர்முகக் கேள்விகள் வரும். கற்பித்தல் பகுதியில் ஒரு பாட வேளைக்கான திட்டத்தை எழுதி, அதில் சில நிமிடங்களை மதிப்பீட்டாளர் முன் நடத்திக் காட்ட வேண்டும். கைப்பழக்கமாகவே வகுப்பு எடுத்து வந்தவர்கள் சறுக்குவது திட்டத்தில். “மாணவர் எக்ஸெல்லைப் புரிந்துகொள்வார்” என்று எழுதினால் மதிப்பெண் வராது, ஏனென்றால் புரிந்ததா என்று அளக்க வழியில்லை. “50 வரி கொண்ட கொலுசு விலைப்பட்டியலிலிருந்து வீலுக்அப் என்ற எக்ஸெல் சூத்திரம் கொண்டு ஐந்து பொருளின் விலையைப் பத்து நிமிடத்தில் எடுத்துக் காட்டுவார்” என்று எழுதுங்கள். செயல், அளவு, நேரம் மூன்றும் அதில் இருக்கின்றன. இரண்டாவது சறுக்கல், நடத்திக் காட்டும்போது முழு நேரமும் தானே பேசுவது. தொடக்கத்தில் ஒரு கேள்வி கேட்டு முன்னறிவை அறிவது, நடுவில் மாணவரைச் செய்ய வைப்பது, முடிவில் ஒரு சின்னப் பயிற்சியால் சரிபார்ப்பது ஆகிய மூன்றையும் மதிப்பீட்டாளர் தன் தாளில் தனித்தனியாகக் குறிப்பார். மூன்றாவது, பாதுகாப்பும் மாற்றுத்திறனாளி மாணவருக்கான ஏற்பாடும். தீயணைப்பான் எங்கே இருக்கிறது, தரையில் ஒயர் ஏன் கிடக்கக் கூடாது, பார்வைக் குறைபாடு உள்ளவருக்குத் திரையை எப்படிப் பெரிதாக்குவது என்பவற்றை “இதெல்லாம் ஒரு பாடமா” என்று தள்ளிவிடுவோம். அங்கே போகும் மதிப்பெண்தான் 80-ஐ 76 ஆக்கிவிடும்.

துறைப் பகுதியில் உங்களுக்குள்ள ஆபத்து, பழைய பதிப்பிலேயே கை பழகியிருப்பது. ஆபிஸ் 2007, 2010-ல் நடத்திக்கொண்டிருந்தால், ஒரே கோப்பை நான்கு பேர் இணையத்தில் ஒன்றாகத் திருத்துவது, கூகுள் ஷீட்ஸ், கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு, மோசடி மின்னஞ்சலை அடையாளம் காண்பது போன்றவற்றைத் தனியாகப் பயில வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஆய்வகக் கணினிகள் அதிலேயே இருந்தால் அது மையத்தின் பிரச்சினை, ஆனால் கேள்வி உங்களிடம்தான் வரும். தமிழ்த் தட்டச்சிலும் இதே கதை. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றது. தமிழ்99 அதற்கும் முன்பே வந்த விசைப்பலகை. இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் மட்டும் கற்றுக்கொடுத்தால், மாணவர் தட்டியது வேறு கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அது எழுத்துருவின் குறைதான். ஆனாலும் அந்த வேறுபாட்டை விளக்கத் தெரியாத பயிற்றுநருக்கு நேர்முகத்தில் மதிப்பெண் போகும்.

இப்போது நம்மூருக்கே உரிய ஒரு தொல்லை: பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால், பட்டச் சான்றிதழில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்து, பான் அட்டையில் இரண்டும் ஒட்டி என்று ஒரே ஆளுக்கு நான்கு பெயர் இருக்கும். திருமணத்துக்குப் பின் கணவர் பெயருக்குத் தலைப்பெழுத்தை மாற்றியவர்களுக்கு இன்னும் கூடுதல். ஸ்கில் இந்தியா தளம் ஆதாரிலிருந்து பெயரை எடுத்துக்கொள்கிறது. சான்றிதழும் அந்தப் பெயரில்தான் அச்சாகும். பிறகு வகுப்பு ஒதுக்கும்போது பட்டச் சான்றிதழோடு பெயர் ஒத்துவரவில்லை என்று நிறுத்துவார்கள். ஆகவே டிஓடிக்குப் பதிவு செய்வதற்கு முன்பே ஆதாரைப் பள்ளிச் சான்றிதழோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் சாதாரணமாக மாற்றலாம். ஒரு முறையை அவசரத்தில் தவறாகச் செலவழித்துவிடாதீர்கள். கைபேசி எண் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். ஒருமுறைக் கடவுச்சொல் பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தால் பதிவு முதல் படியிலேயே நின்றுவிடும்.

அடுத்தது அனுபவச் சான்று. 11 ஆண்டு என்பது பெரிய சொத்து, காகிதத்தில் இருந்தால். “இவர் எங்களிடம் நன்றாகப் பணியாற்றினார், வாழ்த்துகள்” என்ற ஒரு வரி எதற்கும் உதவாது. மையத்தின் தலைப்புத்தாளில், சேர்ந்த தேதி, இன்றுவரை என்றோ விலகிய தேதியோ, பதவி, கற்பித்த பாடங்கள், முழு நேரமா பகுதி நேரமா, கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும் தொடர்பு எண்ணும் இருக்க வேண்டும். துறை அனுபவமும் பயிற்சி அனுபவமும் தனித்தனியாகக் கணக்கிடப்படும். வகுப்போடு சேர்த்து மையத்தின் கணக்கையும் டேலியில் எழுதியிருந்தால், அதைத் தனிக் கடிதமாக வாங்குங்கள். அது துறை அனுபவம். சம்பளம் ரொக்கமாகவே வந்திருந்தால் இனியாவது வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். சரிபார்க்க வருபவர் கடிதத்தை நம்பாதபோது கணக்கு அறிக்கைதான் பேசும்.

உங்கள் கையிலிருக்கும் அறக்கட்டளைச் சான்றிதழ்களைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பிஜிடிசிஏ என்ற பெயரைப் பல்கலைக்கழகமும் கொடுக்கிறது, மாடியில் நான்கு கணினி வைத்த மையமும் கொடுக்கிறது. அரசு சார்ந்த எந்தத் தேர்விலும் கேட்கப்படுவது முதல் வகை. “அரசுப் பதிவு பெற்றது” என்று சான்றிதழின் தலையில் இருக்கும். அறக்கட்டளையாகப் பதிவு செய்ததும், உத்யம் என்ற சிறுதொழில் பதிவு வாங்கியதும், ஐஎஸ்ஓ 9001 பெற்றதும் உண்மையாகவே இருக்கலாம். இவற்றில் எதுவும் பாடத்திட்டத்தையோ தேர்வையோ அங்கீகரிப்பது ஆகாது. உத்யம் எண்ணை ஒரு மளிகைக் கடையும் வாங்கலாம். அதே அறக்கட்டளையின் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோவும் அப்படித்தான்: தனியார் மையத்தில் வேலை தேடும்போது பயன்படும், திட்ட வகுப்புக்கோ ஐடிஐக்கோ கணக்கில் வராது. உங்கள் சிஓஏ மாறாக உண்மையான அரசுச் சான்றிதழ். தொழில்நுட்பக் கல்வி இயக்குநரகம் நடத்துவது, டிஎன்பிஎஸ்சி தட்டச்சர் பணிக்குக் கேட்பது. ஆனால் உங்களுக்குக் கணினி இயக்கத் தெரியும் என்றுதான் அது சொல்கிறது, கற்பிக்கத் தெரியும் என்று சொல்லவில்லை. சிஓஏ வகுப்பு நடத்தும் தட்டச்சு நிலையங்களுக்கு அந்த இயக்குநரகத்தின் அங்கீகார ஆணை உண்டு. அங்கே யார் பயிற்றுநராகலாம் என்பது அந்த ஆணைக்கும் அதன் நிபந்தனைகளுக்கும் உட்பட்டது.

பதினைந்து நாளில் வாங்கித் தருவதாகச் சொன்னவரிடம் நான்கே கேள்வி கேளுங்கள். எந்தக் குறியீடு, எந்தப் பதிப்பு? மதிப்பீடு செய்யும் நிறுவனம் எது? ஸ்கில் இந்தியா தளத்தில் அந்தப் பயிற்சிக் குழுவின் (பேட்ச்) எண் என்ன? ரசீது யார் பெயரில் வரும்? உண்மையான டிஓடிகூடச் சில நாள் முதல் இரு வாரத்துக்குள் முடிந்துவிடும், ஆகவே ‘பதினைந்து நாள்’ என்பதில் மட்டும் சந்தேகப்பட வேண்டாம். சந்தேகப்பட வேண்டியது “எக்ஸாம் நாங்க பாத்துக்கிறோம்” என்ற வாக்கியத்திலும், தனிநபர் எண்ணுக்கு ஜிபே செய்யச் சொல்வதிலும். போலிச் சான்றிதழிலும் இப்போது கியூஆர் கட்டம் இருக்கிறது. ஸ்கேன் செய்தால் அந்த மையத்தின் சொந்த இணையதளம் திறந்து ‘சரிபார்க்கப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் காட்டும். திறக்கும் முகவரி அரசுத் தளமா, அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் அமைப்பின் தளமா என்று பாருங்கள். டிஜிலாக்கரில் வருகிறதா என்றும் பாருங்கள். ‘தேசிய’, ‘கவுன்சில்’, ‘மிஷன்’ என்ற சொற்களும் அசோகத் தூண் போன்ற முத்திரையும் எந்த அச்சகத்திலும் கிடைக்கும்.

ஐடிஐ தெருவில் விதி இன்னும் கறாரானது. சேலம், மேட்டூர் அணை, கருமந்துறை என்று மாவட்டத்தில் அரசு ஐடிஐக்கள் இருக்கின்றன, தனியாரும் உண்டு. அங்கே கணினிப் பிரிவு என்றால் கோபா (கணினி இயக்குநர், நிரலாக்க உதவியாளர்), ஓராண்டுப் படிப்பு. 2022 பாடத்திட்டத்தில் செய்முறை 840 மணி, கோட்பாடு 240, வேலைவாய்ப்புத் திறன் 120, ஆக 1,200 மணி. அதன் பயிற்றுநர் பட்டியலில் கணினிப் பட்டம், டிப்ளமோ, அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் பிஜிடிசிஏ, மத்திய அரசு நிறுவனமான நீலிட்டின் ‘ஏ’ நிலை, கோபா தேர்ச்சியோடு மூன்றாண்டு அனுபவம் எனப் பல வழிகள் உண்டு. இரு பயிற்றுநர் உள்ள அலகில் ஒருவர் பட்டம் அல்லது டிப்ளமோ, மற்றவர் ஐடிஐ வழி வந்தவராக இருக்க வேண்டும். ஆனால் யாராயினும் தேசியக் கைவினைப் பயிற்றுநர் சான்றிதழ், அதாவது என்சிஐசி, வேண்டும் என்பதுதான் இறுக்கப்பட்டிருக்கும் முடிச்சு. அது சிஐடிஎஸ் என்ற ஓராண்டுப் பயிற்சியால் கிடைப்பது. நுழைவுத் தேர்வு உண்டு. சென்னை கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிறுவனம் நடத்துகிறது. ஏற்கெனவே ஐடிஐயில் வேலை பார்ப்பவர்களுக்கு முன்கற்றலை அங்கீகரிக்கும் குறுக்குவழி உண்டு. வெளியில் இருக்கும் உங்களுக்கு அது பொருந்தாது. டிஓடி வாங்கினால் ஐடிஐயிலும் சேரலாம் என்று யாராவது சொன்னால் அது தவறு.

பள்ளியைப் பற்றி ஒரு வரி போதும்: 2019-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் கணினிப் பயிற்றுநர் நிலை 1-க்கு 814 இடங்களுக்குத் தேர்வு நடத்தியபோது கேட்டது கணினியில் முதுநிலைப் பட்டமும் பி.எட்.டும். பி.காம். அடிப்படையில் அங்கே வழி இல்லை, மாற்றுப் பேச்சுகளில் நேரத்தை விடாதீர்கள்.

பட்டம் கணினி சார்ந்ததாக இல்லை என்ற குறையை அடைக்க நியாயமான வழி நீலிட். முன்பு டோயாக் என்றிருந்து 2011-ல் பெயர் மாறிய மத்திய அரசு நிறுவனம் அது. சிசிசி அதன் அடிப்படைப் படிப்பு: 80 மணி, தேர்வில் 90 நிமிடத்தில் 100 கேள்வி, 50 சதவீதம் தேர்ச்சி. 11 ஆண்டு கற்பித்தவருக்கு அது எளிது. ஆனால் பயிற்றுநர் தகுதியாக அதன் எடை குறைவு. அதே நிறுவனத்தின் ‘ஓ’ நிலைப் படிப்பு அப்படியல்ல. பாடத்திட்டத்தின் ஐந்தாம் திருத்தத்தில் அதற்கு நான்கு தாள்கள்: தகவல் தொழில்நுட்பக் கருவிகளும் வலையமைப்பும், வலைத்தள வடிவமைப்பு, பைதான், பொருட்களின் இணையம். ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரு முறை தேர்வு. மையத்தில் சேராமல் நேரடித் தேர்வராகவும் எழுதலாம். நான்காம் திருத்தத்தில் முன்பே தேறியவர்களின் சான்றிதழ் அப்படியே செல்லும், மறுபடி எழுத வேண்டாம். உங்களுக்கு முதல் தாள் ஒரு மாதம், பைதான் நான்கு மாதமாவது ஆகும் என்று கணக்கு வையுங்கள். ஆபிஸ் ஆசிரியர்கள் அதில்தான் நிற்கிறார்கள்.

தனியார் நிறுவனங்களின் சான்றிதழ்கள் இன்னொரு கணக்கு. மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் ஸ்பெஷலிஸ்ட் தேர்வு 50 நிமிடம், 1,000-க்கு 700 வேண்டும், முழுக்க மென்பொருளுக்குள்ளேயே செய்து காட்டுவது. அது காலாவதியாகாது, ஆனால் 2013, 2016, 2019 என்று பதிப்புப் பெயர் ஒட்டியிருப்பதால் தானாகவே பழசாகிவிடும். மைக்ரோசாஃப்டின் எம்சிஎஸ்ஏ, எம்சிஎஸ்இ என்று ஒருகாலத்தில் விளம்பரப் பலகைகளில் மின்னியவை 2021 ஜனவரி 31-ல் நிறுத்தப்பட்டன. அதற்குப் பதில் வந்த பணிசார் சான்றிதழ்கள் ஓராண்டுக்குத்தான். முடிவதற்கு ஆறு மாதம் முன்பிருந்து இணையத்தில் இலவசமாகப் புதுப்பிக்கலாம். தேதி தவறினால் முழுத் தேர்வையும் காசு கட்டி மறுபடி எழுத வேண்டும். மைக்ரோசாஃப்ட் சான்றுப் பயிற்றுநர் என்ற எம்சிடியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் உண்டு, நடப்பிலுள்ள ஒரு சான்றிதழும் கற்பிக்கும் திறனுக்கான ஆதாரமும் வேண்டும். ஆபிஸ் வகுப்பு எடுக்கும் ஒருவருக்கு அந்தச் செலவு சேலத்துக் கட்டணத்தில் திரும்பி வராது என்பது என் மதிப்பீடு.

டேலியில் சான்றிதழைவிடப் புதுப்பித்த அறிவுதான் பேசும். டேலி ஈஆர்பி 9-ல் வாங்கிய சான்றிதழோடு நிற்பவர், 2020 நவம்பரில் வந்த டேலிபிரைமில் ஆல்ட்+ஜி என்ற ‘கோ டு’ வழியில் தடுமாறுவார். நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் திருத்தத் தடம் பதிவாக வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் வந்தது; அந்தத் தடத்தைப் பதியும் எடிட் லாக் பற்றித் தெரியாமல் பாடம் நடத்துவது ஆபத்து. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் போய் 5, 18, 40 என்றாயின. வெள்ளி நகைக்கு 3 சதவீதம் அப்படியே நிற்கிறது. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக் கடை பில்லை மாதிரியாகப் போட்டு நடத்துபவர்களுக்கு அதனால் மாற்றமில்லை, ஆனால் பழைய பயிற்சிப் புத்தகத்தில் உள்ள 12 சதவீதக் கணக்குகளை அடித்துவிட்டு மாற்ற வேண்டும். நேர்முகத்தில் “கடைசியா வந்த மாற்றம் என்ன?” என்று கேட்பது மதிப்பீட்டாளர்களின் வழக்கம்.

ஏற்காட்டு வகுப்பை ஒப்புக்கொள்வதற்கு முன் சில நடைமுறைகள். திட்ட வகுப்பில் வருகை ஆதார் அடிப்படையில் பதிவாகும், பயிற்றுநருக்கும் சேர்த்து. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் பேருந்து தாமதமானால் அது உங்கள் வருகையில் தெரியும். நாகலூர், வெள்ளக்கடைப் பக்கத்திலிருந்து வரும் மாணவர்களுக்கும் அப்படியே. வகுப்பு நேரத்தைப் பேருந்து நேரத்தைப் பார்த்து முதலிலேயே வைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் தளத்தில் ஒருமுறை பதிந்தபின் மாற்றுவது இழுபறி. இணையத்துக்கு இரு வேறு நிறுவனங்களின் இணைப்பு வேண்டும். மலையில் ஒரு வளைவு தாண்டினால் ஒன்றின் சிக்னல் போய் மற்றொன்று வரும். இருபது மேசைக் கணினிக்கு, ஒன்றுக்கு 120 வாட் என்றாலும் 2.4 கிலோவாட், 3 கேவிஏ யுபிஎஸ் விளிம்பில் நிற்கும், 5 கேவிஏ இருந்தால் மதிப்பீட்டு நாளில் மின்சாரம் போனாலும் தேர்வு நிற்காது. கோடை மழையில் இடி அதிகம், ஆகவே நல்ல எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இவை நிறுவனத்தின் பொறுப்புதான்; ஆனாலும் மாணவர் தேர்ச்சி குறைந்தால் முதலில் கேட்கப்படுவது பயிற்றுநரின் பெயர்.

உங்கள் நிலையில் இருப்பவர் செய்யக்கூடிய வரிசையைச் சொல்கிறேன். இந்த வாரம் ஆதார்ப் பெயரும் கைபேசி எண்ணும், அனுபவக் கடிதம் இரண்டும். அடுத்து குறியீடும் பதிப்பும் வாங்கி, பதிவேட்டின் அட்டவணையில் பி.காம். ஏற்கப்படுகிறதா என்று பார்ப்பது. ஏற்கப்பட்டால், அந்தச் சான்றிதழ் அமைப்பு அறிவிக்கும் டிஓடிக்கு நேரடியாக விண்ணப்பியுங்கள். கட்டணம் அமைப்புக்கு அமைப்பு, ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அவர்கள் தளத்தில் உள்ள தொகையை மட்டும் நம்புங்கள். ஏற்காட்டு நிறுவனமே தன் செலவில் அனுப்புமா என்றும் கேளுங்கள். மலையில் ஆள் கிடைப்பது அரிது, ஆகவே பேரம் உங்கள் பக்கம். பி.காம். ஏற்கப்படாவிட்டால் டிஓடியை ஒத்திவைத்து, வரும் சுற்றில் ‘ஓ’ நிலையின் முதல் இரண்டு தாளைக் கட்டுங்கள்; இடையில் அம்மாப்பேட்டை வேலை அப்படியே நடக்கலாம். டிஓடி கிடைத்ததும் அதில் அச்சாகியிருக்கும் முடிவுத் தேதிக்கு மூன்று மாதம் முன்பு கைபேசியில் ஒரு நினைவூட்டல் வையுங்கள். சான்றிதழின் எண்ணை மட்டும் முகவர்களின் வாட்ஸாப் குழுக்களில் போடாதீர்கள். உங்கள் பெயரைப் பயிற்றுநராகக் காட்டி வேறொரு ஊரில் நடக்காத வகுப்பு ஒன்று தளத்தில் ஏறிவிட்டால், அதை நீக்கும்வரை ஏற்காட்டு வகுப்பையும் உங்கள் பெயரில் பதிய முடியாது.